துறைமுகம் இல்லாத கரைக்கு

1971 டிசம்பர் 14. டாக்கா விழுவதற்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. தோற்றுப் பின்வாங்கும் பாகிஸ்தான் படையினர் தெற்கே பர்மாவுக்குள் நழுவிவிடக் கூடாது, சாலையை மறிக்க வேண்டும் என்று காக்ஸ் பஜார் கரையில் இந்தியத் தரைப்படைப் பிரிவு ஒன்றைக் கடல்வழியாக இறக்க முடிவாகியிருந்தது. கூர்க்கா பட்டாலியன் ஒன்று, கூடவே பிஹார் ரெஜிமென்ட் வீரர்கள். அவர்களைக் கல்கத்தாவில் ஏற்றிக்கொண்டு வந்த ‘விஸ்வ விஜயா’ சாதாரண சரக்குக் கப்பல். அது கரைக்குப் போகாது. அதனால் நடுக்கடலிலேயே ‘கரியால்’, ‘குல்தார்’ என்ற இரண்டு சிறிய தரையிறங்கு கப்பல்களுக்கு வீரர்களை மாற்றினார்கள்.

கரையில் எதிரி இல்லை. ஒரு குண்டுகூடப் பாயவில்லை. ஆனாலும் அந்தத் தரையிறக்கம் தோற்றது. கரைக்கு முன்னால் நீருக்கடியில் கிடந்த மணல்திட்டில் கப்பலின் அடி தட்டி நின்றது. திட்டைத் தாண்டினால் மறுபடியும் ஆழம். மேலிருந்து பார்ப்பவனுக்கு அது தெரியாது. சாய்தளத்தில் இறங்கிய வீரர்கள் கழுத்துக்கு மேல் நீரில் விழுந்தார்கள். முதுகில் மூட்டை, கையில் துப்பாக்கி, பெரும்பாலானோர் கடலையே முன்பின் பார்த்திராத மலைநாட்டுப் பிள்ளைகள். சிலர் மூழ்கி இறந்தார்கள்.

போர்க்கப்பல் என்றதும் நம் கண்ணுக்குப் பீரங்கியும் ஏவுகணையும்தான் தெரிகின்றன. இந்த அத்தியாயத்தில் வரும் கப்பலைப் புரிந்துகொள்ள அவற்றை ஓரமாக வைத்துவிடலாம். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே கிடக்கும் அந்தக் கடைசி இருநூறு மீட்டர் நீர்தான் இதன் எதிரி. கப்பலின் வடிவம் முழுவதும் அந்த இருநூறு மீட்டருக்காக வரையப்பட்டது.

கணக்கு எளிமையானது. கடற்கரையின் சரிவு நூற்றுக்கு ஒன்று என்றால், நூறு மீட்டர் கடலுக்குள் போனால் ஒரு மீட்டர் ஆழம். முன்பக்கம் ஒரு மீட்டர் நீரில் அமிழ்ந்திருக்கும் கப்பல் கரைக்கு நூறு மீட்டர் முன்பே தரை தட்டிவிடும். சரிவு இருநூற்றுக்கு ஒன்று என்றால் இருநூறு மீட்டர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஆயிரத்துக்கும் மேல் கட்டித் தள்ளிய எல்.எஸ்.டி. வகைக் கப்பல்களின் அடிப்பாகத்தையே ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவில் அமைத்தார்கள். அணியம் (முன்பக்கம்) மேலே தூக்கியும் அமரம் (பின்பக்கம்) தாழ்ந்தும் இருக்கும். அந்தச் சரிவுள்ள கரை கிடைத்தால் கப்பல் அப்படியே மணலில் போய் அமர்ந்து, முகப்புக் கதவைத் திறந்து டாங்கிகளை இறக்கும். பின்னால் முன்கூட்டியே போட்டுவைத்த நங்கூரச் சங்கிலியை இழுத்துக்கொண்டு வெளியேறும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உலகத்துக் கடற்கரைகள் எல்லாம் ஐம்பதுக்கு ஒன்று என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கிடக்கவில்லை. போதாக்குறைக்கு, மணலில் உட்காருவதற்காகத் தட்டையாக்கிய அடிப்பாகம் திறந்த கடலில் தொட்டில்போல் ஆட்டும். சண்டைக்குப் போகிறவன் வாந்தி எடுத்தே பாதி பலம் இழந்துவிடுவான்.

வேறொரு வழி இருக்கிறது. பெரிய கப்பல் கரைக்கே வர வேண்டாம். ஆழத்தில், நிம்மதியாக மிதக்கட்டும். கரைக்குப் போகும் படகுகளைத் தன் வயிற்றுக்குள்ளேயே சுமந்துவரட்டும். படகுகளைக் கிரேனில் தொங்கவிட்டு இறக்கினால் ஆட்டத்தில் மோதும். காலிப் படகை நீரில் விட்டு, கப்பல் பக்கவாட்டில் கயிற்று வலையைத் தொங்கவிட்டு அதில் வீரர்களை இறங்கச் சொன்னால் கால் நழுவும். டாங்கி இறங்கவே இறங்காது. சரி, படகில் ஆளையும் வண்டியையும் உலர்ந்த இடத்திலேயே ஏற்றிவிட்டு, பிறகு கடலைக் கப்பலுக்குள் வரவிட்டால்?

இதை முதலில் செய்து காட்டியது ஜப்பான், அதுவும் அந்நாட்டின் தரைப்படை. கடற்படையோடு அவர்களுக்கு இருந்த பகையில், தங்களுக்கென்று தனியாகக் கப்பலே கட்டிக்கொண்டார்கள். 1930களின் நடுவில் வந்த ‘ஷின்ஷு மாரு’வின் அமரத்தில் பெரிய கதவு, அதன் வழியே ஆட்களோடு படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் வழுக்கி இறங்கும். 1942 மார்ச் 1 அன்று, ஜாவாவைப் பிடிக்கப் போன இடத்தில், சுந்தா நீரிணையில் தங்கள் கடற்படைக் கப்பல் ஒன்று விட்ட டார்பிடோவே இதைத் தாக்கியது. அதில் இருந்த படைத்தலைவர் இமாமுரா எண்ணெய் படர்ந்த நீரில் மிதந்து கரை சேர வேண்டியதாயிற்று. மேற்கில் இதே யோசனை பிரிட்டிஷ்காரர்களிடம் பிறந்து அமெரிக்கத் தளங்களில் வடிவெடுத்தது. 1943இல் பணியில் சேர்ந்த ‘ஆஷ்லாண்ட்’, மிதக்கும் உலர்துறைக்கு எஞ்சினும் முகப்பும் வைத்தது போன்ற கப்பல்.

ஆஷ்லாண்டில் படகுக்கு இடம் இருந்தது. ஆளுக்கும் சரக்குக்கும் அவ்வளவாக இல்லை. ஆட்கள் ஒரு கப்பலில், வெடிமருந்தும் உணவும் இன்னொன்றில், படகுகள் மூன்றாவதில் என்று வந்தார்கள். மூன்றில் ஒன்று மூழ்கினாலோ வழிதவறினாலோ மற்ற இரண்டும் வீண். 1962இல் ‘ராலே’ என்ற கப்பலில் தொடங்கிய எல்.பி.டி. வகை இதை மாற்றியது. நீர் நிரம்பும் கூடத்தைக் குறைத்து, மிச்ச இடத்தில் படுக்கைகள், வண்டிக் கூடம், சரக்கறை, மேலே ஹெலிகாப்டர் தளம் என்று ஒரு முழுப் படைப்பிரிவின் தேவையை ஒரே உடலில் அடைத்தார்கள்.

அந்த வரிசையில் வந்த ஒரு கப்பலை நமக்குத் தெரியும். 1971இல் அமெரிக்கக் கடற்படையில் ‘ட்ரென்டன்’ என்ற பெயரில் சேர்ந்து, 2007இல் இந்தியாவுக்குக் கைமாறி, ‘ஐ.என்.எஸ். ஜலஷ்வா’ ஆனது. விலை சுமார் 4 கோடியே 80 லட்சம் டாலர். 2004 சுனாமியின்போது இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் உதவி கொண்டுபோன இந்தியக் கடற்படைக்கு, பெரிய சுமைக்கப்பல் ஒன்று இல்லாத குறை நன்றாகவே உறைத்திருந்தது. நாற்பது வயதை நெருங்கும் கப்பலை ஏன் வாங்கினீர்கள் என்று தணிக்கைத் துறை பின்னர் கேட்டது. அதுவும் நியாயமான கேள்விதான். விசாகப்பட்டினத்தில் நிற்கும் இந்தக் கப்பலின் நீளம் சுமார் 174 மீட்டர், எடை முழுச் சுமையோடு சுமார் 17,000 டன். இரண்டு கொதிகலன்கள், நீராவி டர்பைன்கள், மணிக்கு 20 நாட்டிக்கல் மைல் அளவில் வேகம். 900 பேருக்கு மேல் துருப்புகளை ஏற்றலாம்.

முன்பாதி ஏதோ அடுக்குமாடிக் கட்டடம் போல இருக்கும். பின்பாதியில் மேலே வெறும் தளம், ஹெலிகாப்டர்களுக்கானது. அந்தத் தளத்துக்குக் கீழேதான் ‘வெல் டெக்’ என்று மாலுமிகள் சொல்லும் கூடம் இருக்கிறது. அகலம் சுமார் 15 மீட்டர். இருபுறமும் உயரமான சுவர்கள், அமரத்தில் கீல் போட்டுத் தாழும் கதவு. தரையிலும் சுவரிலும் மரப்பலகை அடித்திருப்பார்கள், படகு உரசினால் இரும்போடு இரும்பு மோதாமல் பலகை அடி வாங்கட்டும் என்று. எல்.சி.எம். என்ற தரையிறங்கு படகுகள் நான்கு, இரண்டிரண்டாக உள்ளே நிற்கும். ஒரு படகு 22 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம். ஏறக்குறைய 60 டன், அதாவது ஒரு டாங்கியைச் சுமக்கும். இரண்டு படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் 12.8 மீட்டர் போய்விடும். மீதி இரண்டு மீட்டர் சொச்சத்தை இரு சுவருக்கும் நடுச்சந்துக்கும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சந்தில் கையை விட்டவன் கை போகும்.

படகை வெளியே விட வேண்டும் என்றால் கப்பலைக் கொஞ்சம் மூழ்கடிக்க வேண்டும். கேட்க விபரீதமாக இருக்கும். ஆனால் அளவோடு செய்யும் மூழ்கல் இது. அடிவயிற்றிலும் பக்கச்சுவர்களுக்குள்ளும் இருக்கும் பேலஸ்ட் தொட்டிகளில் ஆயிரக்கணக்கான டன் கடல்நீரை எடுத்துக்கொள்கிறார்கள். பின்பக்கத் தொட்டிகளில் அதிகம் நிரப்புவதால் கப்பல் அமரம் தாழ்ந்து உட்காரும். கதவு மெதுவாக விரிகிறது. கடல் தவழ்ந்து உள்ளே வருகிறது. தரை முன்பக்கம் ஏறிச் செல்வதால் அலை அங்கே கரையில் புரள்வது போலவே புரண்டு அடங்கும். கப்பலுக்குள்ளே ஒரு செயற்கைக் கடற்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பம்புகளோ அழுத்தக் காற்றோ தொட்டி நீரை வெளியே தள்ள, கப்பல் மறுபடி எழும்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வர வேண்டும். கப்பலுக்குள் நீர் புகுந்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். வாகனங்களை ஏற்றிச் செல்லும் பயணிகள் கப்பல்களின் தளத்தில் முழங்கால் அளவு நீர் தேங்கியதாலேயே அவை சில நிமிடங்களில் கவிழ்ந்ததுண்டு. கப்பல் சாயும்போது தேங்கிய நீரும் அதே பக்கம் ஓடி, சாய்வை இன்னும் அதிகமாக்கிவிடும். அப்படியிருக்க, ஒரு கூடம் முழுக்கக் கடலை உள்ளே விட்ட பிறகும் இந்தக் கப்பல் எப்படி நிமிர்ந்து நிற்கிறது?

விடை அகலத்தின் மும்மடியில் இருக்கிறது. சாய்ந்த கப்பலை நிமிர்த்தும் வலு, நீர்மட்டத்தில் அதன் உடல் எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது; நேர்விகிதத்தில் அல்ல, அகலத்தை மூன்று முறை பெருக்கிய அளவில். ஜலஷ்வாவின் உடல் அகலம் சுமார் 25.6 மீட்டர். அதில் நடுவே 15 மீட்டரைக் கடலுக்குக் கொடுத்துவிட்டோம். பாதிக்கு மேல் போய்விட்டது, கிட்டத்தட்ட அறுபது சதவீதம். ஆனால் 25.6இன் மும்மடி ஏறக்குறைய 16,800. 15இன் மும்மடி 3,375. ஆக இழந்த வலு ஐந்தில் ஒரு பங்குதான். எஞ்சிய ஐந்து மீட்டர் தடிமன் உள்ள இரண்டு பக்கச்சுவர்களும் நடுக்கோட்டிலிருந்து தள்ளி நிற்பதால், ஐந்தில் நான்கு பங்கு நிமிர்த்தும் வேலையை அவையே செய்கின்றன. இந்தக் கணக்கும் வெல் டெக் இருக்கும் நீளத்துக்கு மட்டும்தான். அதற்கு முன்னால் உள்ள உடலில் இழப்பே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் வீணாகத் தடித்திருப்பதாகத் தோன்றும் அந்தச் சுவர்கள்தான் கப்பலைக் காப்பாற்றுகின்றன.

ஐந்தில் ஒன்று என்றாலும் சாதாரண இழப்பல்ல. அதனால் தொட்டிகளை நிரப்புவதற்கு வரிசை உண்டு. பாதி நிறைந்த தொட்டியில் நீர் அலைபாயும். முழுதாக நிறைந்ததிலும் முழுதாகக் காலியானதிலும் அலைபாயாது. ஆகவே ஒரே நேரத்தில் எல்லாத் தொட்டிகளையும் அரைகுறையாக வைத்திருக்கக் கூடாது. கதவு மூடி நீர் உள்ளே தேங்கியிருக்கும்போது, கூடத்தின் நடுவே சுவர் இருந்து நீர்ப்பரப்பை இரண்டாகப் பிரித்தால் இழப்பு நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்று பாடப்புத்தகம் சொல்லும். பிறகு அகலமான படகு உள்ளே வர முடியாது. கப்பல் வடிவமைப்பில் இப்படித்தான், ஒவ்வொரு நல்ல யோசனையையும் இன்னொரு தேவை வந்து தட்டிவிடும்.

படகை வெளியே விடுவது சுலபம். திரும்ப உள்ளே கொண்டுவருவதுதான் வித்தை. கப்பல் அலைக்கு எதிராக முகம் வைத்து மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். பின்னால் அதன் சுழல் நீர் நுரைத்துக்கொண்டிருக்கும். படகு தனி ஆட்டத்தில், கப்பல் தனி ஆட்டத்தில். ஓட்டுநர் இரண்டு சுவருக்கும் நடுவே நேராகக் குறிபார்த்து நுழைய வேண்டும். நுழைந்ததும் இருபக்கச் சுவர்மேல் நிற்கும் மாலுமிகள் கயிறு வீசி இழுத்துப் பிடிப்பார்கள். கூரையுள்ள கூடத்தில் டீசல் எஞ்சின்கள் உறும, புகை நெஞ்சை அடைக்கும். பெரிய விசிறிகள் ஓயாமல் சுழன்று அதை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் எதிரி இல்லாமலே ஆட்கள் மயங்கி விழுவார்கள்.

1980களில் அமெரிக்கர்கள் கொண்டுவந்த எல்.சி.ஏ.சி. என்ற காற்றுமெத்தைப் படகு இந்தக் கணக்கைப் பாதி மாற்றியது. கீழே காற்றை ஊதி, அதன்மேல் மிதந்து, மணிக்கு 40 நாட்டிக்கல் மைல் வேகத்தில் போகும். மணல்திட்டும் சேறும் அதற்கு ஒன்றுதான். சாதாரணப் படகு உலகக் கடற்கரைகளில் ஏறத்தாழ 15 சதவீதத்தில்தான் கரையேறும், இது 70 சதவீதத்துக்கு மேல் ஏறும் என்பது அமெரிக்கக் கடற்படை வழக்கமாகச் சொல்லும் கணக்கு. காக்ஸ் பஜாரில் இது ஒன்று இருந்திருந்தால் மணல்திட்டைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். இதற்காக வெல் டெக்கில் நீரை நிரப்பவும் வேண்டாம். உலர்ந்த தரையிலேயே ஊர்ந்து வெளியேறும். ஆனால் எரிபொருளை அப்படிக் குடிக்கும். சத்தமும் சாரலும் சொல்லி முடியாது. அகலம் 14.3 மீட்டர். 15 மீட்டர் கூடத்தில் அதை நுழைக்கும்போது இருபக்கமும் அரை மீட்டர்கூட மிஞ்சாது.

படகு இவ்வளவு என்றால், அதில் ஏற்றும் சரக்கின் கதை வேறு. வீடு மாறும்போது லாரியில் கடைசியாக ஏற்றிய சாமான்தான் முதலில் இறங்கும். பால் காய்ச்சும் பாத்திரத்தை அடியில் போட்டுவிட்டால் புது வீட்டில் திண்டாட்டம்தான். போரில் அந்தத் திண்டாட்டத்துக்கு உயிர் விலை. எந்த வண்டி முதலில் கரையேற வேண்டுமோ அது கடைசியாகக் கப்பலில் ஏறும். பீரங்கி ஒரு கப்பலிலும் அதன் குண்டு இன்னொரு கப்பலிலும் இருக்கக் கூடாது. ஒரே வகைச் சரக்கு முழுவதும் ஒரே கப்பலிலும் இருக்கக் கூடாது. 1982 ஃபாக்லாந்து போரில் ‘அட்லாண்டிக் கன்வேயர்’ என்ற கப்பல் ஏவுகணை தாக்கி எரிந்தபோது பிரிட்டிஷ் படையின் சினூக் ஹெலிகாப்டர்கள் ஒன்றைத் தவிர மற்றவை அதோடு போயின. வீரர்கள் தீவின் குறுக்கே சுமை தூக்கிக்கொண்டு நடந்தே போக நேர்ந்தது. இடத்தை மிச்சம் பிடிப்பதுதான் வணிகக் கப்பலுக்குத் திறமை. இந்தக் கப்பலில் அது குற்றம். எதை வேண்டுமானாலும் வெளியே எடுக்க வழி இருக்க வேண்டும் என்பதற்காக நிறைய இடம் காலியாகவே பயணம் போகும். ஒவ்வொரு வண்டியையும் சங்கிலியால் தரையோடு பிணைத்திருப்பார்கள். ஒரு டாங்கி அவிழ்ந்து உருண்டால் அதை நிறுத்த ஆளில்லை.

கப்பலின் திறனை அளவிடுவதும் அப்படியே. அமெரிக்கக் கடற்படை ஐந்து எண்களைப் பார்க்கிறது: எத்தனை ஆட்களுக்குப் படுக்கை, வண்டிகளுக்கு எத்தனை சதுர அடி, சரக்குக்கு எத்தனை கன அடி, எத்தனை படகு, எத்தனை ஹெலிகாப்டர். ட்ரென்டனுக்குப் பின் தலைமுறையான ‘சான் அன்டோனியோ’ வகை 208 மீட்டர் நீளம், 25,000 டன். ஆனால் ஏறும் துருப்புகள் சுமார் 700 பேர்தான். கப்பல் பெருத்தும் ஆள் குறைந்திருப்பது விசித்திரமாகத் தோன்றும். ஒரு வீரனோடு வரும் வண்டியும் கருவியும் பெருத்துவிட்டன. அவன் தூங்கும் இடமும் கொஞ்சம் மனிதத்தனமாகியிருக்கிறது.

ஹெலிகாப்டர் தளத்தின் அருமையை ட்ரென்டனே ஒருமுறை காட்டியிருக்கிறது. 1991 ஜனவரி. சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் அரசு சரிந்து, அமெரிக்கத் தூதரகத்தைக் கும்பல்கள் சூழ்ந்துகொண்டன. ட்ரென்டன் ஓமான் கரைப் பக்கமிருந்து தெற்கே விரைந்துகொண்டிருந்தது. கப்பல் வந்து சேரும்வரை காத்திருக்க நேரமில்லை. அதன் தளத்திலிருந்து இரண்டு பெரிய ஹெலிகாப்டர்கள் நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பி, நடுவானில் எரிபொருள் ஏற்றிக்கொண்டு, 466 நாட்டிக்கல் மைல் பறந்து விடியலில் தூதரகத்தில் இறங்கின. அந்த மீட்பில் மொத்தம் 281 பேர் வெளியேறினார்கள். பல நாட்டுத் தூதர்களும் அதில் உண்டு. அங்கே வெல் டெக்குக்கு வேலையே இருக்கவில்லை.

இந்தியக் கொடியின் கீழும் கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது. கொரோனா முடக்கத்தில் 2020 மே மாதம் மாலேயிலிருந்து 698 பேரைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது ஜலஷ்வா. ஜூன் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு 680க்கும் மேற்பட்டோர். ஜூலை 1 அன்று ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து தூத்துக்குடிக்கு 687 பேர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு மீனவர்கள், குறிப்பாகக் குமரி மாவட்டத்தார். இடம் போதாமல் சிலர் அங்கேயே விடப்பட்டதாகவும் அப்போது செய்தி வந்தது. 17,000 டன் கப்பலில் நாற்பது ஐம்பது பேருக்கு இடமில்லையா என்று கோபம் வருவது இயல்பு. அங்கே கணக்கு டன்னில் இல்லை. படுக்கை, கழிப்பறை, குடிநீர், இடைவெளி விட்டுப் படுக்கவைக்க வேண்டிய தொற்றுக்கால விதி, மாலுமிகள் பகுதிக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவே அடைக்க வேண்டிய கதவு ஆகியவைதான் எண்ணிக்கையைத் தீர்மானிக்கின்றன. ஆயிரம் பேர் ஒரு வாரம் கடலில் இருந்தால் கழிவுநீர் ஒரு தனிப் பொறியியல். அது எவ்வளவு ஆபத்தான பொறியியல் என்பதற்கு 2008 பிப்ரவரியில் இதே கப்பலில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தாக்கிக் கடற்படையினர் உயிரிழந்ததே சாட்சி.

இவ்வளவு பெரிய, மெதுவான கப்பல் ஏவுகணைக் காலத்தில் எதிரிக்கரைக்கு அருகே போய் நின்று, அமரத்தைத் தாழ்த்திக்கொண்டு படகு விடுமா என்ற கேள்வி உலகக் கடற்படைகளை உலுக்கிக்கொண்டிருக்கிறது. 2022 மார்ச்சில் உக்ரைனின் பெர்தியான்ஸ்க் துறைமுகத்தில், கரையோரம் கட்டியிருந்த ‘சராதவ்’ என்ற ரஷ்யத் தரையிறங்கு கப்பல் தாக்கப்பட்டு எரிந்தது. கடலில்கூட அல்ல, துறைமுகத்திலேயே. சின்னதாகவும் மலிவாகவும் பல கப்பல்கள் போதும் என்கிறது ஒரு தரப்பு. இந்தோனேசியா அந்தப் பக்கம் எப்போதோ போய்விட்டது. கொரிய வடிவமைப்பில் தொடங்கிய ‘மகாசார்’ வகை எல்.பி.டி. 120 மீட்டர் சொச்சம் நீளம்தான். சுரபாயாவில் கட்டிய இதே சாயல் கப்பல்களைப் பிலிப்பைன்ஸ் விலைக்கு வாங்கியது. ஆயிரக்கணக்கான தீவுகள் கொண்ட நாடுகளுக்கு இது போர்க்கருவி மட்டுமல்ல. புயலும் நிலநடுக்கமும் துறைமுகத்தை உடைத்த மறுநாள் அரிசியும் மண் அள்ளும் எந்திரமும் போய்ச்சேரும் வழியும்கூட.

அந்தமானும் லட்சத்தீவும் உள்ள இந்தியாவுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். நான்கு எல்.பி.டி. கப்பல்கள் வேண்டும் என்று 2013இல் டெண்டர் கேட்டார்கள். 2020இல் அதை ரத்து செய்தார்கள். மாலேக்கும் கொழும்புக்கும் பந்தர் அப்பாஸுக்கும் ஜலஷ்வாவை மாற்றி மாற்றி அனுப்பிய அதே ஆண்டுதான் அது.